ஜீரோ கிளியரன்ஸ் இன்செர்ட்: நம் மலை ஈரத்துக்கு எதில் செய்வது?

தேயிலைவேர் (கோத்தகிரி), மார்ச் 9

வணக்கம். போன வருடம் ஒரு பழைய 10 இஞ்சு டேபிள் சா (மேசை ரம்பம்) கைமாறி என்னிடம் வந்தது. வார்ப்பிரும்பு மேசை. பிக்கப்பிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. போட்டோ ஃப்ரேம், தேயிலைத்தூள் வைக்கிற சின்னப் பெட்டி இதெல்லாம்தான் என் வேலை. மரம் பெரும்பாலும் சில்வர் ஓக்.

பிளேடைச் சுற்றி வரும் இன்செர்ட் தகடுதான் இப்போது தலைவலி. மெஷினோடு வந்தது அலுமினியத் தகடு. அதில் பிளேடுக்கு விட்டிருக்கும் வாய் 12 மி.மீ. அகலம். என் பிளேடு வெட்டுவதோ 3.2 மி.மீ. மீதி எல்லாம் ஓட்டை. 5 மி.மீ. ரீப்பர் கிழித்தால், வெட்டி முடிகிற நேரத்தில் அது அந்த ஓட்டைக்குள் சரிகிறது. நேற்று ஒன்று அப்படிச் சொருகிக்கொண்டது. பிளேடு அதைப் பிடித்து எறிந்தது. என் காதோரம் போய்ப் பின்னால் இருந்த தகரச் சுவரில் அடித்தது. தகரத்தில் பள்ளம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

இன்னொன்று, வெனீர் ஒட்டிய பிளைவுட் வெட்டினால் அடிப்பக்கம் முழுக்கச் சிராய். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, புரட்டினால் அழுகை வருகிறது.

பிளேடு அளவுக்கு மட்டும் வாய் விட்ட ஜீரோ கிளியரன்ஸ் இன்செர்ட் செய்வதுதான் வழி என்று தெரியும். எதில் செய்வது, எப்படி? மேசை மட்டத்திலிருந்து தகடு உட்காரும் விளிம்புவரை ஆழம் 13 மி.மீ. இருக்கிறது.

பேரிமரம் (கொடைக்கானல்), மார்ச் 9

13 மி.மீ. ஆழமா? கொடுத்துவைத்தவர் நீங்கள். 12 மி.மீ. பிளைவுட் போட்டு அடியில் நான்கு ஸ்க்ரூ வைத்து மட்டம் பார்த்தால் முடிந்தது வேலை.

நான் செய்கிற முறை இது. ஒரிஜினல் தகட்டைப் பிளைவுட்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே அரை நூல் விட்டு ஜிக்சாவில் வெட்டுங்கள். அப்புறம் தகட்டை டபுள் சைட் டேப்பால் அதன்மேல் ஒட்டி, ட்ரிம்மரில் (ஓரம் சீவும் கைமெஷின்) பேரிங் வைத்த ஃப்ளஷ் பிட் போட்டுச் சுற்றி ஓட்டுங்கள். பேரிங் தகட்டைத் தொட்டபடி ஓடும், பிட் பிளைவுட்டைச் சீவும். தகட்டின் அச்சு அப்படியே வந்துவிடும். விரல் விட்டுத் தூக்க ஓரமாக 20 மி.மீ. ஓட்டை ஒன்று.

டேப் ஒட்டுமுன் தகட்டில் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். ஒருமுறை அதை மறந்தேன். பாதி சுற்றில் தகடு நகர்ந்து, இன்செர்ட் பேரிக்காய் வடிவத்தில் வந்தது.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), மார்ச் 10

தம்பி, முதலில் இதற்குப் பதில் சொல். உன் மெஷினில் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப், அதாவது வெட்டு மூடாமல் பிரித்து நிற்கும் தகடு, இருக்கிறதா? பிளேடின் உடல் தடிமன் எவ்வளவு, நைஃபின் தடிமன் எவ்வளவு? வெர்னியரில் பார்த்துச் சொல். ஸ்கேலில் பார்க்காதே.

பிளேடு அளவுக்கு மட்டும் வாய் விட்டு இன்செர்ட் செய்துவிட்டு, அப்புறம் நைஃப் நுழையவில்லை என்று அதைக் கழற்றி மூலையில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொருளைப் பொறுத்தவரை ஹைலம் ஷீட் (பிசின் தோய்த்து அழுத்திய பலகை) போடு. மோட்டார் ரீவைண்டிங் கடைகளுக்குச் சாமான் விற்கிற இடத்தில் கிடைக்கும், கோவையில் தேடு. நம் ஊர் மூடுபனிக்கு அதுதான் அசையாது.

ஒரிஜினல் தகட்டைப் பத்திரமாக வை. அதுதான் உன் டெம்ப்ளேட். சாய்த்து வெட்டும்போதும் அதுதான் வேண்டும்.

தேயிலைவேர் (கோத்தகிரி), மார்ச் 10

ஐயா, நைஃப் இருக்கிறது. பிளேடு உடல் 2.2, நைஃப் 2.5, வெட்டு 3.2 மி.மீ.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), மார்ச் 10

பொருத்தமான அளவு. நைஃப் பிளேடின் உடலைவிடத் தடியாகவும் வெட்டு அகலத்தைவிட ஒல்லியாகவும் இருக்க வேண்டும். உடலைவிட ஒல்லியானால் வெட்டு மூடுவதை அது தடுக்காது. வெட்டைவிடத் தடியானால் மரம் அதில் மோதி நிற்கும்.

பழைய ஆசாரிகள் கணக்கில் உன் வெட்டு சரியாக ஒரு நூல். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ.

மழைக்காடு (கூடலூர்), மார்ச் 11

இவ்வளவு விசாரணை எதற்கு என்று தெரியவில்லை. நான் அந்த நைஃபைக் கழற்றி எட்டு வருடம் ஆகிறது. ஒன்றும் ஆகவில்லை. பிளேடு அளவுக்கு வாய் இருந்தாலே சின்னத் துண்டு உள்ளே விழாது. அப்புறம் எதற்கு நைஃப்? அது இருந்தால் முழு ஆழம் போகாமல் பள்ளம் வெட்டவும் முடியவில்லை.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), மார்ச் 11

கூடலூர்க்காரரே, இன்செர்ட் செய்கிற வேலை வேறு, நைஃப் செய்கிற வேலை வேறு. வெட்டும் இடத்தில் மரத்தை அடியிலிருந்து தாங்குவதும் துண்டு விழாமல் காப்பதும் இன்செர்ட். வெட்டிய பிளவு பின்னால் மூடிப் பிளேடை நெரிக்காமல் காப்பது நைஃப். சில்வர் ஓக்கிலும் சீகையிலும் உள்ளுக்குள் இறுக்கம் உண்டு. சரியாகக் காயாத மரம் என்றால் கேட்கவே வேண்டாம், பாதி கிழிக்கும்போதே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கவ்வும். அதை எந்த இன்செர்ட்டும் தடுக்காது.

நெரித்தால் என்ன ஆகும்? பிளேடின் முன்பக்கப் பல் கீழே இறங்குகிறது, பின்பக்கப் பல் மேலே ஏறுகிறது. பின்பக்கம் மரத்தைக் கவ்வினால் அதைத் தூக்கி உங்களைப் பார்த்து எறியும். 10 இஞ்சு பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 80 செ.மீ. நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். குன்னூர் மலைப்பாதையில் எந்த பஸ்ஸும் அந்த வேகத்தில் வராது. வந்தாலும் ஹாரன் அடித்துவிட்டு வரும்.

முழு ஆழம் போகாத வெட்டுக்குத் தடையாக இருப்பது பிளேடைவிட உயரமாக நிற்கும் பழைய வகை. பிளேடு உச்சிக்கு ஒன்றிரண்டு மி.மீ. கீழே நிற்கும் நைஃப் என்றால் பள்ளம் வெட்டும்போதும் கழற்ற வேண்டியதில்லை.

எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். எனக்கு ஆகி இருக்கிறது. இடது கட்டைவிரல் நகம் இன்னும் நேராக வளரவில்லை.

பேரிமரம் (கொடைக்கானல்), மார்ச் 12

ஃபிட்டர் ஐயா சொன்னதோடு செய்முறையில் ஒன்று சேர்க்கிறேன். இன்செர்ட்டைப் பிளேடால் வெட்டி முடித்ததும், வாயின் பின் நுனியிலிருந்து அதே கோட்டில் நைஃப் இருக்கும் தூரம்வரை பென்சிலால் குறியுங்கள். கடைசியில் 4 மி.மீ. ஓட்டை போட்டு, ஹேக்சா பிளேடால் அறுத்து இணைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. பின்பக்க வாய் கொஞ்சம் அகலமாக இருந்தாலும் பரவாயில்லை. இறுக்கம் வேண்டியது பிளேடின் முன்பக்கப் பல் மரத்தைக் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு இறங்கும் இடத்தில். சிராய் பெயர்வது அங்கேதான்.

தேயிலைவேர் (கோத்தகிரி), மார்ச் 15

செய்துவிட்டேன்! கொஞ்சம் வேறு மாதிரி. பிளைவுட் வாங்கப் போவதற்குள் பட்டறையில் கிடந்த சில்வர் ஓக் பலகை கண்ணில் பட்டது. வீட்டுத் தோட்டத்து மரம், மூன்று வருடம் முன்பு முறையாக அனுமதி வாங்கி வெட்டியது. நன்றாகக் காய்ந்துவிட்டது. 12 மி.மீ.க்கு இழைத்து, 95 மி.மீ. அகலம், 340 மி.மீ. நீளம். இழை நீளவாக்கில். ட்ரிம்மர் ஓட்டியபின் 120 நம்பர் பேப்பர் போட்டேன். மேசை வாயில் உட்கார்த்தினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவு கச்சிதம். காகிதம்கூட நுழையாது. பலகை முகத்தில் தெரியும் அந்த மீன்செதில் மினுமினுப்போடு பார்க்கவே அழகாக இருக்கிறது.

வழியில் ஒரு சிக்கல். பிளேடை அடிமட்டம்வரை இறக்கினாலும் அதன் உச்சி விளிம்பைவிட 4 மி.மீ. மேலேதான் நின்றது. இன்செர்ட் முழுதாக உட்காரவில்லை. நீங்கள் யாரும் இதைச் சொல்லவில்லையே!

கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் பல்லில் பிள்ளையின் கலர் சாக்கைத் தேய்த்து, இன்செர்ட்டை மேலே வைத்துக் கையால் பிளேடைச் சுற்றினேன். அடியில் எங்கே தட்டுகிறது என்று கோடு விழுந்தது. அந்த இடத்தில் மட்டும் ட்ரிம்மரில் 6 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினேன். உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் இரண்டு பக்கமும் மேசையின் குறுக்கே தடித்த சட்டம் வைத்து, ஜி கிளாம்ப் போட்டு இன்செர்ட்டை அழுத்தி, மெஷினை ஓட்டிப் பிளேடை மெதுவாக ஏற்றினேன். கையால் அழுத்தவில்லை, சத்தியமாக. நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கியே நின்றேன்.

பேரிமரம் (கொடைக்கானல்), மார்ச் 15

சொல்ல மறந்தது என் தப்பு. என் மெஷினில் பிளேடு முழுக்க உள்ளே போய்விடும், அதனால் தோன்றவே இல்லை. பள்ளம் தோண்ட வழியில்லாதவர்கள், அதே வெட்டு அகலமுள்ள சின்னப் பிளேடை, 7¼ இஞ்சு மாதிரி, தற்காலிகமாக மாட்டி முதல் வெட்டைப் போடலாம். மெஷின் வேகத்தையும் நடுத்துளையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நண்பரே, கட்டை மரத்திலா செய்தீர்கள்? மார்ச் மாதத்தில்? கச்சிதமாகவா?

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), மார்ச் 15

ஒன்றும் சொல்லப் போவதில்லை. அக்டோபரில் பேசுவோம்.

புதுக்கை (குன்னூர்), ஏப்ரல் 2

பேச்சின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது தூக்கிச் செல்லும் சின்ன மெஷின். இன்செர்ட் உட்காரும் இடம் மெல்லிய தகரக் காதுகள், ஆழம் 3 மி.மீ.தான். 12 மி.மீ. பலகை எப்படி வைப்பது?

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), ஏப்ரல் 2

இரண்டு வழி. ஒன்று, 12 மி.மீ. பலகையை முழு அளவில் வெட்டி, தகரக் காதுகள் வரும் இடங்களில் மட்டும் அடியிலிருந்து சீவி, 3 மி.மீ. கனம் விட்டு நிறுத்து. நடுப்பகுதி முழுத் தடிமனோடு கீழே தொங்கும். அடியில் மோட்டார் பாகமோ பிளேடு மூடியின் பிராக்கெட்டோ இடிக்காமல் பார். பிளேடை ஏற்றி இறக்கி, 45 டிகிரி சாய்த்தும் பார்த்துவிடு.

இன்னொன்று, 3 மி.மீ. ஹைலம் ஷீட்டையே தகடாக வெட்டி, பிளேடுக்கு இரு பக்கமும் அடியில் ஒரு பட்டை ஒட்டிக் கடினமாக்கு. அக்ரிலிக் போடாதே. குளிரில் அது உடையும் விதம் எனக்குப் பிடிக்காது, பிளேடு சூட்டில் உருகி வேறு ஒட்டும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் மெல்லிசாக இருந்தால் வளையும்.

மழைக்காடு (கூடலூர்), ஏப்ரல் 3

சமையல்கட்டில் காய் வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். ஈரம் துளி ஏறாது, கூடலூர் ஜூலை மழையிலேயே ஒன்றும் ஆகவில்லை. பிளேடும் மழுங்காது.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), ஏப்ரல் 3

ஈரத்துக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். வெயிலுக்கு? அந்த பிளாஸ்டிக் வெப்பத்தில் நன்றாக நீளும். 340 மி.மீ. நீளத்துக்கு 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 1 மி.மீ. ஊட்டியில் ஜனவரி விடியற்காலை உறைபனியில் பொருந்தியது, அதே நாள் மதியம் தகரக் கூரைக்குக் கீழே முட்டிக்கொண்டு நடுவில் உப்பும். நீளத்தில் இடம் விட்டு வெட்டியிருந்தால் தப்பும். அதோடு அது வளையக்கூடிய பொருள். நடுவில் அழுத்தினால் தாழும்.

தேயிலைவேர் (கோத்தகிரி), நவம்பர் 4

ஃபிட்டர் ஐயா, சிரிக்காதீர்கள்.

மூன்று வாரமாக மழை, மூடுபனி. பட்டறைக் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்றைக்கு இன்செர்ட்டைக் கழற்றப் போனேன். வரவில்லை. விரல் ஓட்டையில் கொக்கி போட்டு இழுத்தேன், வரவில்லை. அடியிலிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன். வாய் வெட்டின கோட்டிலேயே நீளமாகப் பிளந்து, பாதி கையில் வந்தது. மீதிப் பாதியை உளி வைத்துத் துண்டு துண்டாக எடுத்தேன்.

அதற்கு முன்பே ஒரு வாரமாக வாய் சுருங்கிப் பிளேடை உரசிக்கொண்டிருந்தது. லேசான கருகல் வாசனை வந்தது. மழைக்காலக் கரண்டு, லோ வோல்டேஜ், மோட்டார் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), நவம்பர் 4

சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

கணக்கைப் பார். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது காய்ந்த மரம் 12 சதவீத ஈரத்தில் நிற்கும். காற்று 90 சதவீதம் ஆகி, அப்படியே வாரக்கணக்கில் நின்றால் மரம் 20 சதவீதத்தை நோக்கி ஏறும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் வடகிழக்குப் பருவமழைதான் பலமானது. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் வாங்குவதை நாம் அக்டோபர், நவம்பரில் வாங்குகிறோம். இழைக்குக் குறுக்கே மரம், வகையைப் பொறுத்து, அந்த ஈரத்துக்கு 1 முதல் 2 சதவீதம் விரியும். உன் 95 மி.மீ. பலகை 1 முதல் 2 மி.மீ. விரியப் பார்த்தது. நீ விட்ட இடமோ காகிதம் நுழையாத அளவு. வெளியே போக வழியில்லாததால் உள்ளே, வாய்ப்பக்கம் விரிந்தது. அதுதான் பிளேடை உரசியது.

நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசைவதே இல்லை. பிளைவுட்டில் ஒரு அடுக்கு நீளவாக்கிலும் அடுத்தது குறுக்கிலும் இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அகலம் மாறுவது மிகக் குறைவு. கனம்தான் கொஞ்சம் ஏறும், அதை ஸ்க்ரூவில் சரிசெய்யலாம்.

எல்லாவற்றையும்விட, வாய் வெட்டிய பலகை இழையோடு பிளப்பது சுலபம். சுத்தியலில் பிளந்ததே, அது பிளேடு ஓடும்போது பிளந்திருந்தால்? யோசித்துப் பார்.

பேரிமரம் (கொடைக்கானல்), நவம்பர் 5

நானும் ஒரு காலத்தில் பேரி மரத்தில் செய்தவன்தான். கொடைக்கானலில் பழைய பேரி மரம் விழுந்தால் விறகுக்குத்தான் போகும். அவ்வளவு நெருக்கமான இழை, வெண்ணெய் மாதிரி இழைக்கலாம். அதை இன்செர்ட்டில் வீணாக்கினேன். பெருமாள்மலைப் பக்கம் மேகம் ஏறி வந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டது. என்னுடையது பிளக்கவில்லை, நான்தான் கோடாலி எடுத்தேன்.

பிளைவுட் என்றால் இரண்டு விஷயம். சன்மைக்கா ஒட்டினால் இரு பக்கமும் ஒட்டுங்கள். மேல்பக்கம் மட்டும் ஒட்டினால் ஈரம் அடிப்பக்கமாக மட்டும் ஏறி, பலகை வில்லாக வளையும். ஓரங்களையும், வெட்டிய வாயின் உட்பக்கத்தையும், விரல் ஓட்டையையும் பாலிஷோ வார்னிஷோ போட்டு அடையுங்கள். ஈரம் நுழைவது ஓரம் வழியாகத்தான். மரநார் அழுத்திய எம்.டி.எஃப். பலகை பற்றி நினைக்கவே வேண்டாம். அது நம் ஊரில் இட்லி மாதிரி உப்பும்.

மழைக்காடு (கூடலூர்), நவம்பர் 5

எல்லோரும் ஹைலம் ஹைலம் என்கிறார்கள். அதை வெட்டும்போது வருகிற வாசனையையும் தூளையும் யாரும் சொல்லவில்லை. ஒருமுறை வெட்டி இரண்டு நாள் தொண்டை கரகரத்தது. பிட்டும் மழுங்கிவிட்டது.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), நவம்பர் 5

இதில் உங்களோடு சண்டை இல்லை. பிசினில் தோய்த்த காகிதத்தையோ துணியையோ அடுக்கி அழுத்திச் செய்வது அது. தூள் நல்லதல்ல. வெளியே வைத்து, நல்ல மாஸ்க் போட்டு வெட்ட வேண்டும். கார்பைடு பிட் இல்லாமல் தொடக்கூடாது. இவ்வளவுக்கும் ஈடாக ஒன்று கிடைக்கிறது: 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கான எம்5 மறை போட்டால் உலோகத்தில் போட்ட மாதிரி நிற்கும். 4.2 மி.மீ. பிட்டில் ஓட்டை, அப்புறம் மறை வெட்டும் டேப். பிளைவுட்டில் அந்த மறை ஆறு மாதத்தில் தொளதொளவென்று ஆகும்.

தூள் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில்வர் ஓக் தூளும் சிலருக்கு ஆகாது. கையில் அரிப்பு, தடிப்பு வரும். தேயிலைவேர் தம்பி முழுக்கை போட்டுக்கொள்வது நல்லது.

பேரிமரம் (கொடைக்கானல்), நவம்பர் 5

பிளைவுட்டில் மறை தொளதொளப்பதற்கு மருந்து: ஓட்டையில் மறை போட்டு, அதில் ஃபெவிக்விக் ரெண்டு சொட்டு விட்டு, நன்றாகக் காய்ந்தபின் மறுபடி டேப்பை ஓட்டுங்கள். என்னுடையது நான்கு வருடமாக நிற்கிறது. ஹைலம் தேடிக் கோவைவரை போய்வர ஒரு நாள் கூலி போகும். எனக்கு வத்தலக்குண்டு இறங்கி ஏறுவதே பெரும்பாடு.

தேயிலைவேர் (கோத்தகிரி), நவம்பர் 23

போன சனிக்கிழமை அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கோவை போனேன். ஐயா சொன்ன மாதிரிக் கடையில் 12 மி.மீ. ஹைலம் வெட்டுத்துண்டு எடைபோட்டுக் கொடுத்தார்கள். மூன்று இன்செர்ட்டுக்கு வரும். மிச்சத்துக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட் இருக்கிறது. இரண்டிலும் செய்து பார்த்தேன். முதலில் செய்தது பிளைவுட், கை பழகட்டும் என்று.

இந்தமுறை கச்சிதம் வேண்டாம் என்று முடிவு செய்து, ட்ரிம்மர் முடிந்தபின் சுற்றிலும் அரை மி.மீ. தேய்த்துக் குறைத்தேன். அப்படியானால் ஆடும் அல்லவா? அதற்கு வேலியை (மரத்தை ஒட்டித் தள்ளும் சட்டம்) நோக்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூ. தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருகித் திருகி ஆட்டம் நிற்கும்வரை வெளியே கொண்டுவந்தேன். மழைக்காலத்தில் இறுகினால் கால் சுற்று உள்ளே விட்டால் போதும்.

பின்பக்கம் ஒரிஜினல் தகட்டில் ஒரு பின் நீட்டிக்கொண்டிருந்தது, மேசையின் அடியில் கொளுவிக்கொள்ள. போனமுறை அதை நான் செய்யவே இல்லை! பின்பக்கப் பல் மேலே ஏறும்போது இன்செர்ட்டைத் தூக்காமல் இருப்பதே அதனால்தான் என்று ஐயா தனிச்செய்தியில் திட்டியபின் புரிந்தது. அதே உயரத்தில் ஓட்டை போட்டு 3 மி.மீ. கம்பி அடித்திருக்கிறேன்.

மட்டம்: நான்கு மூலையிலும் எம்5 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாதது). ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, முன்பக்கம் மேசையைவிட ஒரு காகிதம் தாழ்வாக, பின்பக்கம் ஒரு காகிதம் உயர்வாக. முன்னால் உயர்ந்திருந்தால் மரம் இன்செர்ட்டில் முட்டும், பின்னால் தாழ்ந்திருந்தால் மேசை விளிம்பில் முட்டும்.

வெட்டிப் பார்த்தேன். தேக்கு வெனீர் பிளைவுட், குறுக்குவெட்டு, அடிப்பக்கம். ஒரு சிராய்கூட இல்லை. 3 மி.மீ. ரீப்பரும் கிழித்தேன், தள்ளுகட்டை வைத்து. விழாமல் மேசைமேலேயே படுத்துக்கொண்டது.

ஒரே குறை, தூள் முன்பைவிட அதிகமாக மேலே பறக்கிறது.

புதுக்கை (குன்னூர்), நவம்பர் 23

தூள் எனக்கும் அப்படித்தான். வாய் அடைபட்டதும் வாக்யூம் காற்றை உள்ளே இழுக்க வழியில்லை. பிளேடுக்கு இடதுபக்கம் வரிசையாக ஆறு 5 மி.மீ. ஓட்டை போட்டபின் கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

ஐயா சொன்ன முதல் வழியில்தான் செய்தேன், காதுகள் வரும் இடத்தில் மட்டும் சீவி. நான் ஒரு மி.மீ. கூடுதலாகச் சீவிவிட்டேன். அந்த இடத்தில் விசிட்டிங் கார்டு ஒட்டி நிரப்பியிருக்கிறேன். யார் கார்டு என்று சொல்ல மாட்டேன்.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), நவம்பர் 24

நல்ல வேலை, இரண்டு பேருக்கும். தம்பி, ஒரு வேலை மிச்சம். இன்செர்ட்டின் அடியில் எந்தப் பிளேடுக்கு வெட்டியது என்று மார்க்கரில் எழுது. நாளைக்கு 2.4 மி.மீ. வெட்டுகிற ஒல்லிப் பிளேடு வாங்கி இதிலேயே ஓட்டினால் அது ஜீரோ கிளியரன்ஸ் இல்லை. அதற்கு வேறு இன்செர்ட். நைஃபையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அதனால்தான் ஒரே நாளில் நாலைந்து வெறும் பலகை அச்சு அடித்து வைக்கச் சொல்வது. பின், ஸ்க்ரூ எல்லாம் போட்டு, வாய் மட்டும் வெட்டாமல்.

மேசைக்கும் அடிப்பக்கத்துக்கும் மெழுகுவத்தி தேய்த்துவிடு. வார்ப்பிரும்பு இந்த மாதத்தில் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும்.

மழைக்காடு (கூடலூர்), டிசம்பர் 1

ஒரு செய்தி. நைஃபைத் தேடி எடுத்து மாட்டிவிட்டேன். எட்டு வருடத் துரு, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். ஃபிட்டர் ஐயா சொன்னதற்காக இல்லை. மகன் பட்டறைக்கு வர ஆரம்பித்திருக்கிறான்.

பழைய ஃபிட்டர் (அரவங்காடு), டிசம்பர் 1

யாருக்காக என்றாலும் சரி.

புதுக்கை (குன்னூர்), டிசம்பர் 6

தேயிலைவேர் அண்ணே, பெட்டி மூலைக்கு 45 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். இந்த இன்செர்ட்டோடு பிளேடைச் சாய்க்கலாமா?

தேயிலைவேர் (கோத்தகிரி), டிசம்பர் 6

கூடவே கூடாது தம்பி. நேராக வெட்டிய வாய்க்குள் சாய்த்தால் பிளேடு பக்கவாட்டில் இன்செர்ட்டை அறுக்கும். ஓடாமல் சாய்த்தால் பல் போகும். சாய்வுக்கென்று தனி இன்செர்ட் வெட்டலாம், நிறைய வேலை இருந்தால். எப்போதாவது ஒன்றிரண்டு என்றால் ஒரிஜினல் அகல வாய்த் தகட்டையே மாட்டிக்கொள். நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன். எனக்கும் நாளைக்கு நான்கு பெட்டிக்கு மூலை வெட்ட வேண்டும்.

தேயிலைவேர் (கோத்தகிரி), டிசம்பர் 7

ஐயா, ஒரிஜினல் தகட்டைப் பத்திரமாக வை என்று மார்ச்சிலேயே சொன்னீர்கள். காலையிலிருந்து தேடினேன். பட்டறை முழுக்கக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று.

இப்போதுதான் சாப்பிடப் போனேன். அம்மா அதன்மேல் ரசச்சட்டியை இறக்கி வைத்திருக்கிறார். நடுவில் ஓட்டை இருப்பதால் சூடு தாங்குகிறதாம், தர முடியாது என்கிறார்.